மூன்றாம் கிட்டங்கியில் இருந்தவர்

காரைநகரில் சுகமில்லாமல் இருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். காரைநகர்க் கரைக்கும் ஊர்காவற்றுறைக் கரைக்கும் நடுவே ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்பார்கள். பாதையைச் செலுத்துகிறவர் என்னைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். அப்போதே விளங்கிவிட்டது. "கிராணியார் காலமை போயிட்டார் ரீச்சர்," என்றார்.  

கரை நெருங்கியபோது ஐந்து சரக்குக் கிட்டங்கிகளின் நீண்ட ஓட்டுக் கூரைகளும் என்றும்போலத் தெரிந்தன. மூன்றாவதின் முன்னால் ஆட்கள் கூடி நின்றார்கள். புரட்டாதி மாதம். கடல் அசையாமல் கிடந்தது. ஓர் இலை ஆடவில்லை. காற்றில்லாத ஒரு நாளில் அவர் போனார் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அது ஏன் என்று கந்தப்பிள்ளைக் கிராணியாரோடு பழகிய உங்களுக்குத் தெரியும். பிந்தி வந்து குடியேறியவர்களுக்கும் இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கும் தெரியாது. எங்கள் குடியிருப்பு அவருக்கு வெளியிடும் இந்த நினைவு மலருக்கு எழுதும்படி கேட்டபோது அவர்களை நினைத்துத்தான் சம்மதித்தேன்.

இன்றைக்கு இந்தக் கரையில் படலைகளும் முருங்கை மரங்களும் உடுப்புக் காயும் கொடிகளும் தெரிகின்றன. ஐம்பதுகளின் நடுப்பகுதியில் இங்கே ஒரு வீடும் இருந்ததில்லை. இந்தியக் கரையிலிருந்து வரும் தோணிகள் அரிசியையும் கூரை ஓடுகளையும் இறக்கிவிட்டுப் புகையிலையை ஏற்றிக்கொண்டு போகும். சரக்கு வைக்கக் கல்லால் கட்டிய ஐந்து கிட்டங்கிகள், அவற்றிலிருந்து துறைமேடைக்குப் போகும் தண்டவாளம், பாரம் தூக்க ஓர் இரும்புத் தூக்கி, பக்கத்தில் தோணி கட்டும் முற்றம். நான் சிறுமியாக இருந்தபோது அந்த முற்றத்துச் சம்மட்டிச் சத்தம் கடலைத் தாண்டிக் காரைநகரில் எங்கள் வளவுக்குள் கேட்கும். பிறகு சட்டங்கள் இறுகின; தோணிகள் குறைந்தன; தோணி கட்டும் தச்சர்களான ஓடாவிமாரில் பெரும்பாலானோர் வேறு வேலை தேடிப் போனார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கே மிஞ்சியது விலைபோகாத ஓடுகளும் கொஞ்ச நெல்மூடைகளும்தான். அவற்றைப் பார்த்துக்கொள்ளக் கந்தப்பிள்ளைக் கிராணியார் இருந்தார். கணக்கெழுத வந்தவர், கடைசியில் காவலுக்கும் அவரே என்றாயிற்று. மூன்றாம் கிட்டங்கியின் ஓரத்தில் இருந்த, கணக்கெழுதும் கந்தோர் அறையில் மனைவியோடு குடியிருந்தார். வேலணையில் அவருக்குச் சொந்த வீடும் வயலும் இருந்தன.

நாங்கள் வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். கணவருக்கு மீன்பிடிச் சங்கத்தில் வேலை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் வேலை. நான்காம் கிட்டங்கியைச் சுவர் வைத்துப் பிரித்த ஒரு துண்டு எங்களுக்குக் கிடைத்தது. அப்போது ஐந்திலும் குடும்பங்கள் நிறைந்திருந்தன. ஆனாலும் நாங்கள் குடிவந்தது அந்தக் கட்டடத்துக்குப் பிடித்ததாகத் தெரியவில்லை. மழைக்கு முந்திய புழுக்கத்தில் என் குசினி நிலத்திலிருந்து புகையிலை மணம் கிளம்பும். இரண்டு தரம் சீமெந்து பூசினோம்; மணம் போகவில்லை. காற்றெழும்பினால் துருப்பிடித்த தூக்கியின் சங்கிலி, யாரோ பாரம் இறக்குவதுபோலக் குலுங்கும்.

அந்த வருடத்து வாடைக்காற்று தொடங்கிய அன்று, விளக்கு வைக்கும் நேரத்தில், கதவில் யாரோ தட்டினார்கள். திறந்தேன். ஒருவரும் இல்லை. மூடிவிட்டுத் திரும்ப மறுபடியும் கேட்டது. இம்முறை திறந்தபோது, மழைக்குச் சாக்கொன்றைத் தலையில் போட்டுக்கொண்டு கிராணியார் நின்றார்.

"ஆரும் வந்தவையோ ரீச்சர்?"

"இல்லை ஐயா. நீங்கள்தான் தட்டினதெண்டு நினைச்சன்."

"நான் இப்பதான் வாறன்." சற்று நின்றார். "தட்டினது உங்களுக்கும் கேட்டதோ?"

கேட்டது என்றேன். அவர் முகத்தில் பயம் வரவில்லை. தன் வருத்தம் இன்னொரு வீட்டுக்கும் தொற்றிவிட்டதைக் கண்டவர்போல் என்னைப் பார்த்தார். "அது காத்து. நீங்கள் உங்கடை அலுவலைப் பாருங்கோ," என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போனார். வரிசை முடியும்வரை ஒவ்வொரு கதவின் முன்னாலும் நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, பிறகுதான் அடுத்ததற்குப் போனார். காற்றடிக்கும் நாளெல்லாம் அவர் இப்படித்தான் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் மறுநாள் சொன்னார்கள். மற்றவர்களின் கதவையெல்லாம் பார்க்கப் போகிறவர் இருக்கும் கிட்டங்கிக்குப் பெரிய கதவே இல்லை என்பதையும் அன்றுதான் கவனித்தேன். மூன்றாம் கிட்டங்கியின் பெரிய வாசலில் சாக்குத் திரை ஒன்று தொங்கியது.

ஒரு மத்தியானம் தண்ணீர் வண்டிக்காக வரிசையில் வாளிகளை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அன்று நான் சத்தத்தைக் கேட்டேன் என்பதால் எனக்குச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழியில் வந்த அந்தப் பெரும் புயலில் கடல் மேலே ஏறி வந்தது. கரையோரத்தில் குடிசைகளில் இருந்தவர்களில் பலர் பொழுதுபடமுன்னரே மாதா கோயிலுக்குப் போய்விட்டார்கள். அந்தக் குடிசைகளில் ஒன்றில் இருந்த மதலேன் அக்காவும் மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். சின்னப் பொடியனுக்குக் காய்ச்சல். மழையில் தூக்கிப்போகவேண்டாம் என்று கணவர் அந்தோனி அவனோடு குடிசையில் தங்கினார். தண்ணீர் வந்தபோது கோயில்வரை போக வழியில்லை. பக்கத்தில் உயரமாக நின்றது மூன்றாம் கிட்டங்கி.

"அண்டைக்கு எல்லாச் சாமானும் அடிபட்டுது ரீச்சர். தகரம், சங்கிலி, யன்னல். அதுக்குள்ளை ஒரு சத்தம் வேறை மாதிரி. மனிசி சொன்னா, ஆரோ தட்டுகினமெண்டு. நான் காத்தெண்டன். திரும்பவும் சொன்னா. கதவைத் திறந்தால் காத்து உள்ளை வந்து கூரையைத் தூக்கிப்போடுமெண்டன். அது பொய்யில்லை. தூக்கித்தான் இருக்கும்."

விடிந்து தண்ணீர் வடிந்ததும் கந்தோர் அறையின் சின்னக் கதவால் வெளியே வந்து சுற்றிப் போனார். பெரிய கதவடியில் அந்தோனியும் பிள்ளையும் கிடந்தார்கள்.  நேரே கோயிலுக்கு நடந்துபோய், அங்கே இருந்தவர்களுக்குள் மதலேன் அக்காவைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். வழியில் ஒன்றும் பேசவில்லையாம். "என்னத்தைச் சொல்லுறது? நான் உள்ளுக்கு இருந்தனான் எண்டு சொல்லுறதோ?" என்று என்னைக் கேட்டார். அப்போது தண்ணீர் வண்டி வந்துவிட்டது. எழுந்துபோய் வரிசையைச் சரிப்படுத்தத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். சவப்பெட்டி செய்யப் பலகை எங்கும் இல்லை. கிராணியார் மிஞ்சியிருந்த ஓடாவிமாரைக் கூப்பிட்டு மூன்றாம் கிட்டங்கியின் இரட்டைக் கதவைக் கழற்றச் சொன்னார். நல்ல பாலைமரக் கதவு. அதில்தான் பெட்டி செய்தார்கள். தகப்பனையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்தார்கள். மற்ற நான்கு கிட்டங்கிகளையும் அவரே திறந்துவிட்டார். வீடிழந்தவர்கள் உள்ளே வந்து, ஓட்டுக் குவியல்களை நகர்த்தி, ஓலையால் மறைப்புக் கட்டி அடுப்பு மூட்டினார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் வந்தார்கள். எங்கள் குடியிருப்பு தொடங்கியது அப்படித்தான்.

சில வாரங்கள் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து முதலாளி காரில் வந்தார். புகை பிடித்த சுவர்களையும் தண்டவாளத்தில் காயும் பாய்களையும் பார்த்துக்கொண்டே வந்தவர், மூன்றாம் கிட்டங்கியின் முன்னால் நின்றார்.

"கந்தப்பிள்ளை, கதவு எங்கை?"

"கதவு சேமக்காலையிலை கிடக்குது ஐயா."

முதலாளிக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் கத்தோலிக்கரின் அடக்க நிலத்தைக் கையால் காட்டினார். அதற்குப் பிறகு அவர் கதவைப்பற்றிக் கதைக்கவில்லை. ஆட்களை வெளியேற்றும்படி மட்டும் சொன்னார். என்னால் ஏலாது என்றார் கிராணியார். அன்றோடு வேலை போயிற்று. ஆனால் அவர் போகவில்லை. பொலிசு வந்தது, வழக்கென்றும் சொன்னார்கள். அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு நடந்து நடந்தே அவருடைய செருப்புகள் தேய்ந்தன. துறைக்கு இனித் தோணி வராது என்பது முதலாளியின் பிள்ளைகளுக்கு விளங்க வருடங்கள் எடுத்தன. கடைசியில் அரசாங்கம் நிலத்தை எடுத்து, சுவர் வைத்துப் பிரித்து, இருந்தவர்களுக்கே கொடுத்தது.

இதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். மனைவி மனோன்மணி அம்மா புயலுக்குப் பிறகு இங்கே இருக்க மறுத்து வேலணைக்குப் போய்விட்டார். வயல் வேலைக்கும் அவரைப் பார்க்கவுமாக இவர் போய்வருவார்; ஆனால் பொழுதுபடமுன்னர் திரும்பிவிடுவார். சில வருடங்களில் அந்த அம்மா காலமானார். கடல்தொழில் செய்யும் கரையார் நடுவே போய்க் கிடக்கிறார் என்று உறவினர்கள் வாசல் மிதிப்பதை விட்டார்கள். அவருடைய வயதும் குடும்பமும் உள்ளவர்கள் இங்குள்ளவர்களை 'நீ' என்று கூப்பிட்டு வந்த காலத்தில், இவர் எல்லாரையும் 'நீர்' என்றார்.

ஆனால் சாந்தமான மனிதர் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. தண்டவாளத்தில் ஆடு கட்டுகிறவர்களைத் திட்டித் தீர்ப்பார். வானொலியில் செய்தி வாசிப்பவரோடு தனியே இருந்து சண்டை பிடிப்பார். தண்ணீர் வரிசையில் யாராவது இடையில் புகுந்தால் வாளி பறக்கும். ஒருநாள் நான் வாய்விட்டுக் கேட்டேன், இவ்வளவும் நடந்த இடத்தில் ஏன் இருக்கிறீர்கள், வேலணைக்குப் போனால் நிம்மதியாக இருக்கலாமே என்று.

"போனால் இந்தச் சனத்துக்கு நான் கதவு திறக்காத மனிசன். இருந்தாலும் அதுதான். எண்டாலும் இருந்தால் தண்ணி அள்ளிக் குடுக்கலாம்."

தண்ணீர் அள்ளிக் கொடுத்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இங்கே கிணறு தோண்டினால் உப்பு. வண்டித் தண்ணீரை நம்பித்தான் சமையல். மதலேன் அக்காவுக்கும் மூன்றாம் கிட்டங்கியிலேயே, அவர் அறையிலிருந்து இரண்டு மறைப்புகள் தள்ளித்தான் இடம் கிடைத்திருந்தது. அவருக்கும் போக வேறிடமில்லை. கிராணியார் தினமும் ஒரு வாளித் தண்ணீரை அவர் வாசலில் வைப்பாராம். முதல் நாள் அந்த அக்கா எல்லோரும் பார்க்க அதை நிலத்தில் ஊற்றினார். இந்தத் தீவில் நல்ல தண்ணீரை நிலத்தில் ஊற்றுவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மறுநாளும் அவர் வைத்தார். அந்த அக்கா ஊற்றவில்லை, எடுக்கவும் இல்லை. வேறு யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். நான் குடிவந்த காலத்தில் வாளி உள்ளே போய், வெறுமையாகி வெளியே வரும். ஆனால் இருவரும் ஒரு சொல் கதைத்து நான் கண்டதில்லை.

அவர்கள் கதைத்ததை முதன்முதல் கேட்டது மகள் அமலியின் கலியாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னர். மதலேன் அக்கா சாக்குத் திரைக்கு வெளியே நின்று, "ஐயா, பிள்ளைக்குக் கலியாணம். நீங்கள் வரவேணும்," என்றார்.  "வாறன் பிள்ளை," என்று மட்டும் உள்ளேயிருந்து கேட்டது. கலியாணத்தன்று வெள்ளை வேட்டி கட்டிக் கோயிலுக்கு வந்து, உட்காரும் கடைசி வாங்குக்கும் பின்னால், வெளிவாசலோடு நின்றார். உள்ளே வரும்படி கூப்பிட்டோம். நிற்கிறேன் என்றார்.

இந்த வருடம் சோளகக் காற்று தொடங்கும்போதே படுக்கையில் விழுந்துவிட்டார். நெஞ்சில் சளி, கால்கள் வீங்கியிருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார். நானும் மதலேன் அக்காவும் முறைவைத்துக் கஞ்சி கொண்டுபோனோம். ஆவணியில் ஒரு பின்னேரம், நாங்கள் இருவரும் அங்கே இருந்தபோது, காற்று உரத்து அடித்தது. சாக்குத் திரை உள்ளுக்குப் பறந்தது. அவர் கைகளை ஊன்றி எழும்பப் பார்த்தார், ஏலவில்லை. "ஆரோ தட்டுகினம். போய்ப் பாருங்கோ," என்றார். கதவு கழன்று பதினைந்து வருடத்துக்கு மேல். அந்த வாசலில் தட்ட ஒன்றுமே இல்லை. ஆனால் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்கும் கேட்டது.

மதலேன் அக்கா கஞ்சிக் கோப்பையை என் கையில் தந்துவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரம் நின்று நாலு பக்கமும் பார்த்தார். திரும்பி வந்து கட்டிலடியில் இருந்தார்.

"ஒருத்தருமில்லை ஐயா. அண்டைக்கும் அவர் தட்டேல்லை. நான் பின்னாலை வந்து கண்டனான். கதவடிக்கு வரமுன்னமே தண்ணி அடிச்சு விழுத்திப்போட்டுது. பிறகுதான் தண்ணி கொண்டுவந்து கதவடியிலை விட்டது. அவர் தட்டேல்லை."

கிராணியார் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். 

"நீர் கோயிலிலை நிண்டனீர் பிள்ளை. விடியக் கூட்டிக்கொண்டு வந்தது நான்."

"ஓம்," என்றார் மதலேன் அக்கா. குரல் கொஞ்சமும் ஆடவில்லை. "எண்டாலும் நான் சொல்லுறன். அவர் தட்டேல்லை."

காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அவர் மறுபடி எழும்ப முயலவில்லை. "சரி," என்றார். பிறகு கஞ்சியைக் கேட்டார்.

அதன்பின் சத்தம் அவரை விட்டுப்போயிற்றா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. காற்றடித்த நாட்களில் அவர் கண்களை மூடிக்கொண்டு கிடப்பார். கேட்கிறதா என்று நாங்கள் கேட்டதில்லை.

செய்தி போய் வேலணையிலிருந்து உறவினர்கள் வந்தார்கள். அங்கே கொண்டுபோய்க் கிரியை செய்யவேண்டும் என்றார்கள். யாரும் மறுக்கவில்லை, அது அவர்களின் உரிமை. ஆனால் பெரிய வீதியில் நின்ற வண்டிவரை உடலைத் தூக்கியவர்கள் எல்லோரும் இந்தக் கரையின் ஆண்கள். கொஞ்சம் தயங்கிவிட்டு உறவினர்கள் விட்டுவிட்டார்கள். பெண்கள் படலையோடு நிற்பதுதான் வழக்கம். மதலேன் அக்கா மட்டும் பெரிய வீதி முடக்குவரை பின்னால் போய், வண்டி மறையும்வரை நின்றுவிட்டு வந்தார்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு மதலேன் அக்காவிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள், அது பொய்யென்று அவருக்கே தெரிந்திருந்ததே என்று. மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"பொய்யோ மெய்யோ எனக்கென்ன தெரியும் ரீச்சர். நான் அங்கை நிக்கேல்லை. அவரும் வெளியாலை நிக்கேல்லை. வெளியாலை நிண்ட ரெண்டு பேரும் வந்து சொல்லப்போறதில்லை. ஆரோ ஒராள் சொல்லத்தானே வேணும்."

இதை எழுதலாமா என்றேன். யோசித்தார். "எழுதுங்கோ. இனி அவரை அது ஒண்டும் செய்யாது. ஆனால் கதவை மட்டும் எழுதிப்போட்டு விட்டிடாதேங்கோ. தண்ணியையும் எழுதுங்கோ."

இரண்டையும் எழுதிவிட்டேன். ஐப்பசி பிறந்து வாடை மறுபடி வந்துவிட்டது. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கல்லும் தகரமும் காற்றில் என்ன சத்தம் போடும் என்று பிள்ளைகளுக்கு விளக்கத் தெரியும். ஆனாலும் விளக்கு வைக்கும் நேரத்தில் தட்டும் சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறேன். வெளியே சாக்கு மூடிய உருவம் இல்லை. ஒவ்வொரு கதவாகப் பார்க்கப் போகிறவர் இல்லை. இருளும் கடலும்தான்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது 'சரி' என்ற அந்த ஒரு சொல்லைத்தான். மதலேன் அக்கா சொன்னதை அவர் நம்பியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அந்த அக்கா கொடுத்தார், கிராணியார் வாங்கிக்கொண்டார். வாங்க இவருக்கு இவ்வளவு வருடங்கள் எடுத்தன. 'சரி' என்று சொன்ன அந்தக் குரல் என் காதில் இருக்கிறது. தட்டும் சத்தம் கேட்கும்போது அதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.